கறுப்பன் கடித்த பிறகு வந்த கடிதங்கள்

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கையெழுத்தில் நாலு பக்கம், அதோடு போனில் பிடித்த மூன்று படங்கள். பெயர், தெரு, பிள்ளையின் பாடசாலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன். நாயின் பெயரையும் மாற்றிவிட்டேன். கடிதத்துக்கு வசதியாக அதைக் கறுப்பன் என்று வைத்துக்கொள்வோம்.

கணவன், மனைவி, பதினைந்து வயது மகன், பத்து வயது மகள். ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில், பேஸ்மென்டில் ஐந்து வருடமாக வாடகைக்கு இருக்கிறார்கள். தனிக் குசினி, தனிக் குளியலறை. பக்கவாசல் மட்டும் மேல்வீட்டாரோடு பொது. கறுப்பனுக்கு மூன்று வயது. ஜேர்மன் ஷெப்பர்டும் லாப்ரடோரும் கலந்த நாய். மகன் தன் பிறந்தநாள் காசில் நண்பனிடம் வாங்கியது. மாநகரசபையில் அனுமதிப்பத்திரம் எடுக்கவில்லை, நலமடிக்கவில்லை. குட்டியில் போட்ட விசர்நாய்த் தடுப்பூசிக்குப் பிறகு மறு ஊசியும் போடவில்லை.

பதினாறு நாளைக்கு முன், ஒரு சனிக்கிழமை பின்னேரம், பார்சல்காரன் மணியடித்தான். மகன் கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கறுப்பன் காலுக்கிடையால் நுழைந்து வெளியே ஓடிவிட்டது. கழுத்துப்பட்டி இல்லை, லீஷும் இல்லை. அந்த நேரம் பார்த்து, அடுத்த தெருவில் இருக்கும் அறுபத்தெட்டு வயது அன்ரி ஒருவர், மேல்வீட்டம்மாவுக்கு ஒரு பையில் கறிவேப்பிலை கொண்டு டிரைவ்வேயில் வந்துகொண்டிருந்தார். நாய் பின்னால் ஓடிப்போய் முன்கையைக் கவ்வியது. நாலு தையல். "கறிவேப்பிலை முழுக்க டிரைவ்வேயில் கொட்டிக் கிடந்தது அண்ணா, அதை நான்தான் கூட்டி அள்ளினேன்" என்று எழுதியிருக்கிறார் வாசகி.

பிறகு நடந்தவை: வைத்தியசாலையிலிருந்து தகவல் போய், பொதுச் சுகாதாரப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. நாயைப் பத்து நாள் ஒதுக்கி வைக்கச் சொன்னார்கள். மாநகரசபையின் விலங்குச் சேவை அலுவலர் வந்து விசாரித்தார். ஒன்பதாம் நாள் "ஆபத்தான நாய்" என்று ஓர் உத்தரவு கையில் தரப்பட்டது. மேல்வீட்டுக்காரர் வட்ஸ்அப்பில், மாதக் கடைசிக்குள் நாயை அனுப்புங்கள், அல்லது வீட்டை விடுங்கள் என்று எழுதிவிட்டார். அன்ரி "காசு வேண்டாம் பிள்ளை" என்கிறார். அவருடைய மகன் சட்டத்தரணியிடம் போகப் போவதாகச் சொல்கிறாராம்.

வீட்டில் கணவர் சொல்வதாக வாசகி வரிசையாக எழுதியவை இவை. முதல் கடிக்கு வழக்கு இல்லை. கறுப்பன் பிட்புல் இல்லை, ஆகவே சட்டம் பொருந்தாது. அன்ரி எங்கள் வளவுக்குள் வந்தார், பிழை அவருடையது. போய் மன்னிப்புக் கேட்டால் பிழையை ஒப்புக்கொண்டதாகிவிடும், போகாதே. நாயை ஏஜாக்ஸில் இருக்கும் தம்பி வீட்டுக்கு இரவோடிரவாக அனுப்பிவிடுவோம். ஐநூறு டொலர் கொடுத்து அன்ரியிடம் ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்குவோம். குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம், இது அதைக் கெடுத்துவிடும்.

மகன் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். "நான்தான் கதவைத் திறந்தேன், என்னைத்தானே பிடிப்பார்கள்" என்று கேட்கிறானாம்.

அன்புள்ள சகோதரி,

மகனிடமிருந்து தொடங்குகிறேன். அவனை யாரும் பிடிக்கப் போவதில்லை. ஒன்ராறியோ மாகாணத்தின் நாய் உரிமையாளர் பொறுப்புச் சட்டத்தில் "உரிமையாளர்" என்ற சொல்லுக்குள் நாயை வைத்திருப்பவர், அதற்கு இடம் கொடுப்பவர் எல்லாரும் அடக்கம். உரிமையாளர் வயது வராத பிள்ளையாக இருந்தால், அந்தப் பிள்ளையைப் பராமரிக்கும் பெரியவரும் உரிமையாளர்தான். பிறந்தநாள் காசில் அவன் வாங்கியிருந்தாலும் பொறுப்பு உங்கள் இருவருக்கும்தான். இதை இன்றைக்கே அவனைக் கூப்பிட்டு இருத்திச் சொல்லுங்கள்.

அடுத்து, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்ததில் எனக்குப் பட்ட ஒன்று. நடந்த அத்தனையையும் ஒரே வழக்காக நினைத்துத்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள். உண்மையில் உங்கள் மேசையில் நாலு தனிக் கோப்புகள் இருக்கின்றன. நோய் பற்றிய பொதுச் சுகாதாரக் கோப்பு ஒன்று. நாயை எப்படி வைத்திருக்க வேண்டும் என்ற மாநகரசபைக் கோப்பு இரண்டாவது. அன்ரியின் காயத்துக்கான நட்டஈடு மூன்றாவது. வீட்டுக்காரர் நாலாவது. ஒவ்வொன்றுக்கும் வேறு ஆள், வேறு சட்டம், வேறு காலக்கெடு. ஒன்றில் சரியாக இருக்கும் செயல் இன்னொன்றில் பிழையாகலாம். உங்கள் கணவர் நாலையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ஏஜாக்ஸுக்கு அனுப்பப் பார்க்கிறார்.

ஏஜாக்ஸ் வேண்டாம்

பத்து நாள் ஒதுக்கல் என்பது நாய்க்குத் தண்டனை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இல்லை, அது அன்ரிக்காக. கடித்த நேரத்தில் நாயின் உமிழ்நீரில் விசர்நாய்க்கடிக் கிருமி இருந்திருந்தால், பத்து நாளுக்குள் நாய்க்கே நோய் காட்டிவிடும். பத்து நாள் கழித்தும் நாய் சுகமாக நின்றால் அந்தக் கடியால் கிருமி போகவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்; அன்ரிக்கு ஊசி தேவையா என்ற கேள்வியும் முடிகிறது. ஊரில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலத்தை நினைத்துத்தான் அவருடைய மகன் கோபப்படுகிறார் என்று நினைக்கிறேன். இப்போது ஊசி கையில்தான், ஆனால் அந்தப் பயம் எங்கள் தலைமுறையிடமிருந்து இன்னும் போகவில்லை. அந்தப் பத்து நாளுக்குள் நாய் காணாமல் போயிருந்தால், அன்ரி தேவையில்லாமல் முழு ஊசியும் போட்டிருக்க வேண்டி வந்திருக்கும். நீங்கள் அனுப்பாமல் விட்டது நல்லது. பொதுச் சுகாதார அலுவலர் நாயை வந்து பார்த்து, ஒதுக்கல் முடிந்தது என்று சொன்னாரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சொல்லாவிட்டால் நீங்களே அழைத்துக் கேளுங்கள். அது முடிந்த கையோடு மிருக வைத்தியரிடம் கூட்டிப்போய்த் தடுப்பூசி போடுங்கள். ஒன்ராறியோவில் மூன்று மாதம் கடந்த எல்லா நாய்க்கும் பூனைக்கும் அது கட்டாயம்.

இனி அனுப்பலாமா என்று கேட்டால், ஒளித்து அனுப்ப முடியாது. நாயை அனுப்பினால் உத்தரவு இல்லாமல் போய்விடாது. முகவரி மாறினால் மாநகரசபைக்கு அறிவிக்க வேண்டும். ஏஜாக்ஸ் இன்னொரு நகரசபை, அங்கே தனி விதி. அதைவிட முக்கியமாக, நாய்க்கு இடம் கொடுப்பவரும் உரிமையாளர் என்று மேலே சொன்னேனே, அந்தக் கணக்கில் உங்கள் கொழுந்தனார் தெரியாமலே பொறுப்பாளியாகிவிடுவார். அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கறுப்பன் ஒருவரைக் கடித்தது என்று சொல்லாமல் அந்த வீட்டில் விடுவதை நான் சட்டப் பிரச்சினையாக மட்டும் பார்க்கவில்லை.

"முதல் கடி"யும் பிட்புல்லும்

முதல் கடிக்கு வழக்கில்லை என்பது முழுப் பொய் என்று உங்கள் கணவரைக் குறை சொல்ல மாட்டேன். பழைய ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில், நாய் கடிக்கக்கூடியது என்று உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருந்ததாகக் காட்ட வேண்டும். அதிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. ஒன்ராறியோச் சட்டம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. நாய் கடித்தால், அல்லது தாக்கினால், நட்டத்துக்கு உரிமையாளர் பொறுப்பு. அதன் குணம் உங்களுக்கு முன்பே தெரியுமா, நீங்கள் கவனக்குறைவாக இருந்தீர்களா என்று சட்டம் கேட்பதில்லை. "எங்கள் கறுப்பன் பச்சைப் பிள்ளை மாதிரி" என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் நம்புகிறேன். ஆனால் இந்தக் கோப்பில் அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு வேலையில்லை.

பிட்புல் விஷயமும் அப்படித்தான். 2005 ஓகஸ்ட் 29 முதல் ஒன்ராறியோவில் பிட்புல் வகை நாய்களுக்குத் தடை இருக்கிறது. அந்தத் தடை பற்றி எங்கள் ஆட்கள் அதிகம் கேள்விப்பட்டதால், மற்ற நாய்க்கு ஒரு சட்டமும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். கடிக்கான பொறுப்பு எல்லா இனத்துக்கும் ஒன்றுதான். மடியில் தூக்கி வைத்திருக்கும் பொமரேனியனுக்கும் அதுதான். மாநகரசபையின் "ஆபத்தான நாய்" உத்தரவும் இனத்தைப் பார்த்து வருவதில்லை, நாய் செய்ததைப் பார்த்து வருவது.

வளவுக்குள் வந்தார் என்ற வாதமோ இன்னும் பலவீனம். குற்றம் செய்யும் எண்ணத்தோடு ஒருவர் வளவுக்குள் நுழைந்திருந்தால், அப்போது உரிமையாளருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. கறிவேப்பிலைப் பையோடு வந்தவரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. கடிபட்டவரின் பிழையும் சேர்ந்திருந்தால், அந்த அளவுக்கு நட்டஈட்டை நீதிமன்றம் குறைக்கும். நாயை அடித்தார், சீண்டினார் என்றால் அது வேறு. மேல்வீட்டாரின் மணிக் கமெராவில் நாய் பின்பக்கமாக ஓடிவருவது தெளிவாகத் தெரிகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த ஒளிப்பதிவு இருக்கும்போது அன்ரியைக் குற்றம் சொல்லப் போனால், கேட்பவருக்கு உங்கள் மேல்தான் வெறுப்பு வரும்.

அந்த உத்தரவில் என்ன இருக்கிறது

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன். "ஆபத்தான நாய்" என்ற தலைப்பைக் கண்டதும், ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்துவிட்டீர்கள். அந்தத் தாளில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. மாநகரசபைச் சட்டக்கோவையின் 349ஆம் அத்தியாயத்தின்படி, கறுப்பனை வைத்துக்கொண்டே நீங்கள் செய்ய வேண்டியவைதான் அதில் இருக்கின்றன. உங்கள் வளவுக்கு வெளியே எப்போதும் வாய்க்கூடு. லீஷ் இல்லாமல் நாய்களை ஓடவிடும் பூங்காக்களுக்குள் போகக்கூடாது. வாசலில் எச்சரிக்கைப் பலகை. மைக்ரோசிப். ஆபத்தான நாய்க்கென்று தனி அடையாள வில்லை. குறித்த காலத்துக்குள் பழக்குநரிடம் பயிற்சி. இவற்றோடு, எல்லா நாய்க்கும் உள்ள பொது விதியும் உண்டு: லீஷ் இரண்டு மீற்றருக்கு மேல் நீளக்கூடாது. மகன் வைத்திருக்கும் அந்த இழுபடும் சுருள் லீஷை எறிந்துவிடுங்கள்.

பட்டியல் ஒன்றும் இருக்கிறது. 2024இலிருந்து இத்தகைய உத்தரவுகளை மாநகரசபை இணையத்தில் போடுகிறது. நாயின் பெயர், இனம், நிறம், தபால் குறியீட்டின் முதல் மூன்று எழுத்து என்ற அளவில்தான். உங்கள் பெயரோ வீட்டு இலக்கமோ அல்ல. மகளின் பள்ளித் தோழிகள் பார்த்துவிடுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன்.

முறையிடலாமா? உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் ஆபத்தான நாய் மீளாய்வு மன்றத்தில் விசாரணை கேட்கலாம் என்று தாளின் அடியில் போட்டிருக்கிறது. உத்தரவு வந்து ஒரு கிழமை போய்விட்டது, ஆகவே உங்களிடம் மூன்று கிழமைதான் மிச்சம். இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். முறையிட உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் உங்கள் கதையில் வெல்வதற்கான பிடி எனக்குத் தெரியவில்லை. அந்த மன்றத்தின் முன் எடுபடக்கூடிய வாதம், நாய் தற்காப்புக்காகக் கடித்தது என்பது. அல்லது கடித்தது உங்கள் நாயே அல்ல என்பது. அல்லது காயம் சொல்லப்பட்ட அளவுக்கு இல்லை என்பது. நாலு தையலும் ஒளிப்பதிவும் மூன்றையும் மறிக்கின்றன. முறையிட்டாலும் முடிவு வரும்வரை வாய்க்கூடு போட்டுத்தான் ஆக வேண்டும். உத்தரவில் முடிவுத் திகதி எதுவும் இல்லை என்பது உண்மையில் கனமான விஷயம், அதனால் ஒருமுறை நேரில் ஒரு சட்டத்தரணியிடமோ பரலீகலிடமோ (உரிமம் பெற்ற சட்ட உதவியாளர்) ஒளிப்பதிவைக் காட்டிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஆனால் "நல்ல நாய்" என்று அயலவர் ஐந்து பேரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போவதுதான் திட்டம் என்றால், அந்த விசாரணைக்குச் செலவழிக்கும் பணத்தைப் பயிற்சிக்குக் கொடுங்கள்.

உத்தரவை மீறுவதைத்தான் நான் பெரிய ஆபத்தாகப் பார்க்கிறேன். "ராத்திரி பதினொரு மணிக்கு ஆர் பார்க்கப் போகினம்" என்று வாய்க்கூடு இல்லாமல் ஒரு நாள் கூட்டிப்போய், அன்றைக்கு இன்னொன்று நடந்தால் கதை வேறு. மாகாணச் சட்டத்தின் கீழ் விஷயம் நீதிமன்றம் போகலாம். அங்கே 10,000 டொலர் வரை தண்டம், ஆறு மாதம் வரை மறியல், அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. நாயை அழிக்கும் உத்தரவும் அந்த நீதிமன்றத்திடம்தான் இருக்கிறது. நாயின் பழைய நடத்தையையும் காயத்தின் கடுமையையும் அது பார்க்கும். இன்றைய உத்தரவை நீங்கள் எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தீர்கள் என்பதுதான் அன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி. பற்றுச்சீட்டு, பயிற்சிச் சான்றிதழ், தடுப்பூசித் தாள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு வையுங்கள்.

வாய்க்கூடு என்றதும் கொடுமை என்று எழுதியிருந்தீர்கள். ஊரில் சூடு மிதிக்கிற மாட்டுக்குக் கட்டுவார்களே, அதே உருவத்தில் கூடை மாதிரியான வாய்க்கூடு கடைகளில் கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டே நாய் வாயைத் திறந்து இளைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டி மாதிரியானதை வாங்காதீர்கள், நடக்கும்போது அதற்கு மூச்சு முட்டும். முதல் நாளே பூட்டிக் கூட்டிப்போகவும் வேண்டாம். கூடைக்குள் கொஞ்சம் கடலை வெண்ணெய் பூசி, தானே மூக்கை நுழைத்து நக்க விடுங்கள். பட்டியைப் பூட்டுவது பிறகு. ஒரு கிழமை இந்த வேலையை மகனிடம் கொடுங்கள். என்னிடம் வழக்குக்கு வந்த ஒரு கட்சிக்காரர் இப்படித்தான் பழக்கினார். இப்போது அந்த நாய் வாய்க்கூட்டைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறது.

பொதுவான பக்கவாசலிலும் பின்வளவிலும் வாய்க்கூடு தேவையா என்று கேட்பீர்கள். அவை நீங்கள் மட்டும் புழங்கும் இடமில்லை. போட்டுவிடுங்கள்.

அனுமதிப்பத்திரம் எடுக்காததை நீங்கள் கடைசியில் ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். ரொறன்ரோவில் ஒவ்வொரு நாய்க்கும் அது வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். நலமடித்த நாய்க்குக் கட்டணம் குறைவு, நலமடிக்காததற்குக் கூடுதல். தொகையைவிட, அது இல்லாதது இந்தக் கோப்பில் உங்களை அசட்டையான ஆளாகக் காட்டுகிறது. நலமடிப்பது பற்றியும் மிருக வைத்தியரோடு கதையுங்கள்.

வீட்டுக்காரரின் வட்ஸ்அப்

இங்கே உங்களுக்கு நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதல் உரிமை இருக்கிறது, ஆனால் உங்கள் தோழி சொன்ன அளவுக்கு இல்லை.

வட்ஸ்அப்பில் வந்தது சட்டப்படியான அறிவித்தல் இல்லை. ஒன்ராறியோவில் வீட்டை விடச் சொல்வதற்கு உரிய படிவம் உண்டு. அதற்குப் பிறகு வீட்டு உரிமையாளர் – வாடகையாளர் சபையில் விண்ணப்பம், விசாரணை, உத்தரவு. அந்த உத்தரவையும் நிறைவேற்றுவது ஷெரிப் அலுவலகம்தான். வீட்டுக்காரர் தானே பூட்டை மாற்ற முடியாது. ஒப்பந்தத்தில் "செல்லப்பிராணி கூடாது" என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி அந்த வரி செல்லாது. குசினியோ குளியலறையோ வீட்டுக்காரரோடு பொதுவாக இருந்தால் இந்தச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு இரண்டும் தனி என்பதால் தப்பினீர்கள்.

ஆனால் தோழி சொன்னதுபோல "நாயைக் காரணம் காட்டி எழுப்பவே முடியாது" என்பது பிழை. நாயின் கடந்தகால நடத்தை வீட்டுக்காரரின் அல்லது மற்ற வாடகையாளரின் நியாயமான அனுபவிப்பைக் கணிசமாகக் கெடுத்திருந்தால், 76ஆம் பிரிவின் கீழ் சபை எழுப்பச் சொல்லலாம். அதோடு, மூன்று குடியிருப்புக்கு மேல் இல்லாத கட்டடத்தில் வீட்டுக்காரரும் குடியிருந்தால் அவருக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. வழக்கமான அறிவித்தலில் வாடகையாளருக்குத் திருத்திக்கொள்ள ஏழு நாள் கிடைக்கும். இந்த வகை வீட்டில் அந்த ஏழு நாளைக் கொடுக்காமலே பத்து நாள் அறிவித்தல் கொடுக்கலாம். மேலே வீட்டுக்காரர், கீழே நீங்கள். உங்கள் வீடு அச்சொட்டாக அந்த வகைதான். அப்போதும் சபைக்குப் போகாமல் எழுப்ப முடியாது என்றாலும், "சட்டம் என் பக்கம்" என்று மேல்வீட்டில் போய்ச் சண்டை பிடிக்கும் நிலையில் நீங்கள் இல்லை.

ஐந்து வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறீர்கள். அவர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியைத்தான் உங்கள் நாய் கடித்தது. அவரிடம் எழுத்தில் கொடுங்கள்: வாய்க்கூடு வாங்கிவிட்டோம், பயிற்சிக்கு இந்தத் திகதி, பக்கவாசலுக்குள் ஒரு சின்னப் படலை போட அனுமதி தாருங்கள். பிள்ளைகள் படியில் விழாமல் போடுவார்களே, அந்த மாதிரிப் படலைதான், உயரமாகப் பார்த்து வாங்குங்கள். கதவு திறந்தாலும் நாய் படலைக்கு இந்தப் பக்கம் நிற்கும். அன்றைக்கு அது இருந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திராது. அவர் அனுப்பிய வட்ஸ்அப்பை நீங்கள் அழிக்க வேண்டாம்; உங்கள் பதிலையும் வைத்திருங்கள்.

மன்னிப்பும் ஐநூறு டொலரும்

மன்னிப்புக் கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்பது எங்கள் ஆட்களிடம் நான் கிழமைக்கு ஒருதரம் கேட்கும் வசனம். ஒன்ராறியோவில் 2009இலிருந்து மன்னிப்புச் சட்டம் என்றே ஒன்று இருக்கிறது. நட்டஈட்டு வழக்கு போன்ற சிவில் வழக்கில், நீங்கள் கேட்ட மன்னிப்பைப் பிழையை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகக் காட்ட முடியாது. ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: மாகாணக் குற்ற வழக்குக்கும் குற்றவியல் வழக்குக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே போங்கள், மன்னிப்புக் கேளுங்கள், கை எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். "கதவை வடிவாகப் பூட்டாமல் விட்டோம், கழுத்துப்பட்டியும் போடவில்லை" என்ற விளக்கத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வட்ஸ்அப்பில் எழுதவும் வேண்டாம். நேரில், நீங்களும் மகனும், நாய் இல்லாமல்.

ஐநூறு டொலர் வேண்டாம். அந்தத் தொகை கூடவா குறைவா என்பது என் கவலையில்லை. உங்களிடம் வாடகையாளர் காப்புறுதி இருக்கிறது, மாதம் மாதம் வங்கியில் கழிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சாமான் களவு போனால் மட்டும் என்று நினைத்து வைத்திருக்கிறீர்கள் போல. அத்தகைய காப்புறுதிகளில் பெரும்பாலும் பிறருக்கு நேரும் நட்டத்துக்கான பொறுப்பும் அடங்கும், நாய்க்கடி உட்பட. ஒப்பந்தத்தை எடுத்து, நாய் பற்றி ஏதாவது விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களைக் கேட்காமல் நீங்களாகக் காசு கொடுத்தால், அல்லது சம்பவத்தைப் பிந்தி அறிவித்தால், பொறுப்பைத் தட்டிக்கழிக்க அவர்களுக்குக் காரணம் கொடுத்ததாகிவிடும். பதினாறு நாள் ஏற்கனவே போய்விட்டது.

இன்னொன்று, அன்ரி காசு வேண்டாம் என்றாலும் கணக்கு முடியாது. அவருடைய சிகிச்சைக்குச் செலவழித்த ஓஹிப்புக்கு (மாகாண அரசின் சுகாதாரக் காப்புறுதி), அந்தச் செலவைப் பொறுப்பாளியிடம் திருப்பிக் கேட்கும் உரிமை இருக்கிறது. அன்ரிக்கும் வழக்குப் போட பொதுவாக இரண்டு வருட அவகாசம் உண்டு. தையல் வெட்டிய பிறகு விரல் மடக்க முடியாமல் போனால் அவர் மனம் மாறலாம். மாறினால் அதில் பிழையில்லை. சமையலறை மேசையில் எழுதிய ஒரு கடதாசி, அறுபத்தெட்டு வயதுப் பெண்ணிடம் சட்ட ஆலோசனை இல்லாமல் வாங்கிய கையெழுத்து, இவை நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றுமா என்பது சந்தேகம். உங்களைப் பற்றி ஒரு மோசமான எண்ணத்தை உண்டாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. அவருடைய மகன் சட்டத்தரணியிடம் போவதை அவமானமாக எடுக்காதீர்கள். கடிதம் வந்தால் பதில் எழுதாமல் அப்படியே காப்புறுதிக் கம்பனிக்கு அனுப்புங்கள்.

குடியுரிமை பற்றிச் சுருக்கமாக. மாநகரசபை உத்தரவு குற்றப்பதிவு இல்லை. மாகாணச் சட்டத் தண்டமும் குற்றவியல் சட்டத் தீர்ப்பு இல்லை. இந்த உத்தரவால் மட்டும் உங்கள் விண்ணப்பம் நின்றுவிடாது. பின்னால் வழக்கு என்று ஏதாவது வந்தால் மட்டும், விண்ணப்பத்தைப் பார்க்கும் குடிவரவுச் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் நேராகக் கேட்காமல் சுற்றிச் சுற்றிக் கேட்ட கேள்வி: கறுப்பனை வைத்திருக்கலாமா? சட்டம் வைத்திருக்க விடுகிறது. முடியுமா என்பது வீட்டில் யார் என்ன செய்வீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் இரவு வேலை, கணவர் இரண்டு வேலை, நாயை வெளியே கூட்டிப்போவது பதினைந்து வயதுப் பிள்ளை. நாற்பது கிலோ நாய் இழுத்தால் அவனால் பிடிக்க முடியுமா? பயிற்சிக்குப் பெரியவர் ஒருவரும் கூடப் போக முடியுமா? முடியாது என்றால், மாநகரசபைக்கு அறிவித்து, கடித்த கதையையும் சொல்லி, பெரிய நாய் வளர்த்துப் பழகிய ஒருவருக்குக் கொடுப்பதும் மரியாதையான முடிவுதான். அதை மகனோடு இருந்து கதைத்து முடிவெடுங்கள். அவன் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்துச் செய்யாதீர்கள்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது இரண்டே அழைப்பு. திங்கள் காலை காப்புறுதிக் கம்பனிக்கு, பிறகு பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு. படலை வாங்கக் கடைக்குப் போகும்போது வாசலின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். எங்கள் பேஸ்மென்டுப் பக்கவாசல்கள் ஒன்றும் ஒரே அளவில் இருப்பதில்லை.